பைக் வாங்குகிறீர்களா? சாயங்காலம் ஆறரை மணிக்கு ஓட்டிப் பாருங்கள்

பைக் வாங்கப் போகிறேன், எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். மாமா கண்ணை மூடிக்கொண்டு ஸ்ப்ளெண்டர் என்பார், ஆபீஸ் நண்பன் டியூக் என்பான், பக்கத்து வீட்டுத் தம்பி 'கொஞ்சம் பொறுங்கண்ணா, புது மாடல் வருது' என்பான். இவர்கள் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: தினமும் எந்த ரோட்டில், எத்தனை மணிக்கு, யாரை ஏற்றிக்கொண்டு போகப் போகிறீர்கள்? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வண்டிகள் தானாகக் கழன்றுவிடும்.

சென்னையில் தினசரி ஓட்டம் பெரும்பாலும் முதல் மூன்று கியருக்குள் முடிந்துவிடும். ஆற்காடு சாலையிலோ ஓ.எம்.ஆரிலோ மெட்ரோ வேலைக்குப் போட்ட தடுப்புகளுக்கு நடுவில் ஊர்ந்து போகும்போது, உங்கள் வண்டி 120-ல் போகுமா 140-ல் போகுமா என்பதற்கு ஒரு மரியாதையும் கிடையாது. கிளட்ச் எவ்வளவு லேசாக இருக்கிறது, எஞ்சின் சூடு தொடையில் அடிக்கிறதா, இரண்டாவது கியரில் மெதுவாகப் போகும்போது திணறுகிறதா, இடுக்கில் ஹேண்டில் பார் போதுமான அளவு திரும்புகிறதா, இவைதான் தினமும் உங்களைப் பாடாய்ப் படுத்தும் அல்லது நிம்மதியாக வைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலித் தெருவில் ஒரு ரவுண்டு அடித்தால் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். அதனால் டெஸ்ட் ரைடுக்கு வார நாளில் சாயங்காலம் ஆறரை மணிக்குப் போங்கள். "டிராஃபிக்கா இருக்கே சார், காலைல வாங்களேன்" என்பார்கள். "அதுலதானே தம்பி தினமும் ஓட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டு எடுங்கள். இரண்டு சிக்னலில் நின்று கிளம்பினாலே இடது கை உங்களுக்கு உண்மையைச் சொல்லிவிடும்.

அடுத்தது எடை. ஸ்ப்ளெண்டர் பிளஸ் சுமார் 112 கிலோ, டி.வி.எஸ். ரைடர் 125 சுமார் 123 கிலோ, நாம் பொதுவாகப் புல்லட் என்று சொல்லும் ராயல் என்ஃபீல்டு வகையில் கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. புல்லட் மேல் சென்னைக்காரர்களுக்குத் தனிப் பாசம் உண்டு, 1950-களில் இருந்து திருவொற்றியூரில் தயாரான வண்டியாயிற்றே, அதை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் முன்னும் பின்னும் வண்டி நிற்க, நடுவில் இருந்து 195 கிலோவை தினமும் காலையில் பின்னால் இழுத்து வெளியே எடுக்க வேண்டியது நீங்கள்தான். வாங்குவதற்கு முன் எஞ்சினை ஆன் செய்யாமல், சீட்டில் உட்கார்ந்தபடி காலால் தள்ளி வண்டியைப் பின்னால் நகர்த்திப் பாருங்கள். இரண்டு பாதமும் தரையில் பதியாமல் நுனிவிரலில் நின்றுகொண்டு அதைச் செய்ய முடியாது.

பின்னால் உட்காரப் போகிறவரை நம் ஆட்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. அம்மா புடவையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்து கோயிலுக்கு வருவார் என்றால், இரண்டு துண்டாகப் பிரித்து பின் சீட்டை மேலே தூக்கி வைத்திருக்கும் வண்டிகளை அப்போதே மறந்துவிடுங்கள். அகலமான ஒரே சீட், கெட்டியான கைப்பிடி, சாரி கார்டு, கால் வைக்க ஃபுட் ரெஸ்ட் எல்லாம் வேண்டும். அவரையும் ஷோரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஏற்றி இறக்கிப் பாருங்கள், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சிசி விஷயத்தில் என் கருத்து: பெரும்பாலும் தனி ஆளாக ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு 100 முதல் 125 சிசி தாராளம். தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி, பஸ்ஸோடு தினமும் ஓட வேண்டும், பின்னால் ஆள் வேறு உண்டு என்றால் 150, 160 பக்கம் போகலாம். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலில் இருந்து, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம் என்பதால் அந்தப் பாதுகாப்பும் கூடவே வந்துவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை ஏலகிரி போக வேண்டும் என்பதற்காக 400 சிசி வாங்கி, மீதி நாளெல்லாம் வடபழனி சிக்னலில் வெந்துகொண்டிருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஏலகிரிக்கு 125-லும் போகலாம், கொஞ்சம் லேட்டாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். இன்னொன்று, 20 லிட்டர் தண்ணீர் கேனும் மளிகைப் பையும்தான் உங்கள் தினசரி சுமை என்றால் பைக்கே வேண்டாம், ஸ்கூட்டர் வாங்குங்கள்.

பழைய வண்டி பார்க்கப் போனால்

விற்கிறவர் வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டுவதற்கு முன்னால் எஞ்சின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வரும் முன்பே ஓட்டித் தயார் செய்திருக்கிறார் என்று அர்த்தம். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று அரை மணி நேரம் கழித்தோ மறுநாளோ வாருங்கள், குளிர்ந்த எஞ்சின் தான் உண்மை பேசும். சைலன்ஸரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, அது சிலிண்டர் போர், பிஸ்டன் செலவு. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அது பெரும்பாலும் டியூனிங் செலவோடு முடியும். காலையில் முதல் ஒரு நிமிஷம் லேசாக வெள்ளை ஆவி வந்தால் பயப்பட வேண்டாம்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, நண்பரைப் பின்னால் அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்குங்கள். ஹேண்டில் பாரை ஒற்றை விரலால் மெதுவாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பும்போது, நடுவில் ஒரு இடத்தில் உட்காருகிற மாதிரி பிடித்தால் கோன் செட் (ஹேண்டில் பார் திரும்ப உதவும் பேரிங்) போய்விட்டது. ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கும்போது 'டக்' என்று கேட்டாலும் அந்த கோன் செட்டைப் பார்க்க வேண்டியதுதான். இதெல்லாம் சரிசெய்யக்கூடிய செலவு, விலையைக் குறைத்துக் கேட்கலாம். நண்பர் நேராக ஓட்டிப் போக, பின்னால் நின்று பார்க்கும்போது இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் போகவில்லை என்றால் மட்டும் பேரமே பேசாதீர்கள், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது, தண்ணீரில் முங்கிய வண்டிகள் கழுவித் துடைத்து விற்பனைக்கு வரும். சீட்டைத் தூக்கி ஒயரிங் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள், பச்சை பூத்திருக்கிறதா, மூலையில் காய்ந்த சேறு இருக்கிறதா என்று. ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் நின்ற கோடு, டேங்குக்கு அடியில் ஒட்டிய மண், இவற்றை வாட்டர் சர்வீஸில் யாரும் கழுவுவதில்லை.

பேப்பர் சமாச்சாரம்: எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு ஆர்.சி., இன்சூரன்ஸ் தேதி பாருங்கள். இ-சலான் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். சேஸிஸ் எண்ணை வண்டியிலும் புத்தகத்திலும் ஒப்பிடுங்கள். லோன் போட்ட வண்டி என்றால் படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் உள்ள அந்தக் கடன் பதிவை நீக்கிய பிறகே காசு. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. "அப்புறம் மாத்திக்கலாம்" என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள், அது இரண்டு தரப்புக்கும் தலைவலி. பதிவாகி 15 வருஷம் ஆகப்போகிற வண்டி என்றால் ஆர்.டி.ஓ.வில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், அந்த அலைச்சலையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு, முக்கியமாக செயின்

சர்வீஸுக்கு விடும் தேதியை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், நடுவில் வீட்டில் செய்ய வேண்டிய பத்து நிமிஷ வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள். அதில் முதலிடம் செயினுக்கு. ஸ்ப்ளெண்டர் மாதிரி முழுசாக மூடிய செயின் கவர் இருக்கும் வண்டி மழையிலும் தூசியிலும் செயினைக் காப்பாற்றிவிடும், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதைக் கழற்றுகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை. திறந்த செயின் என்றால் சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, மழையில் நனைந்தால் அன்றைக்கே அல்லது மறுநாள் காலையில் பார்த்துவிட வேண்டும்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் வைத்து, எஞ்சினை ஆஃப் செய்யுங்கள். கியரில் போட்டு எஞ்சினை ஓடவிட்டு செயினைத் துடைக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம், ஸ்ப்ராக்கெட்டுக்கும் (செயின் ஓடும் பல் சக்கரம்) செயினுக்கும் நடுவில் துணி மாட்டினால் கூடவே விரலும் போகும். பழைய டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து கறுப்புப் பசையைத் தேய்த்து எடுங்கள், பெட்ரோல் வேண்டாம், அது செயின் இணைப்புகளில் இருக்கும் ஓ-ரிங் ரப்பரைக் கெடுத்துவிடும். துணியால் நன்றாகத் துடைத்துக் காய விட்டு, சக்கரத்தைக் கையால் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே கீழ் வரிசை செயினின் உள்பக்கத்தில் 90 நம்பர் கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஸ்ப்ரே லூப்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. மிஞ்சியதைத் துடைத்துவிட்டு இரவு முழுக்க விட்டுவிட்டால் காலையில் பேண்ட்டில் தெறிக்காது. மெக்கானிக் கடையில் பிரஷ்ஷால் அள்ளிப் பூசும் கழிவு ஆயில் தூசியைப் பிடித்து உப்புத்தாள் மாதிரி ஸ்ப்ராக்கெட்டை அரைக்கும், அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்படியே டைட்டும் பார்த்துவிடலாம். இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் கீழ் செயினை ஒரு விரலால் மேலும் கீழும் ஆட்டினால் பல வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆட வேண்டும், உங்கள் வண்டியின் அளவு கையேட்டில் இருக்கும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விடாதீர்கள், சக்கரத்தைக் கால் சுற்று சுற்றி மறுபடி பாருங்கள். ஒரு இடத்தில் தொளதொள, இன்னொரு இடத்தில் விறைப்பு என்றால் செயின் ஆயுள் முடிந்துவிட்டது. அப்போது செயினை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது, முன், பின் ஸ்ப்ராக்கெட்டோடு செட்டாகத்தான் மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் ஓடும் புது செயின் சீக்கிரமே பழசாகிவிடும்.

ஆயிலுக்கு வருவோம். கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு எஞ்சின் ஓடிய தூரத்தைத்தான் சொல்கிறது, நின்றுகொண்டே ஓடிய நேரத்தைச் சொல்வதில்லை. காற்றில் குளிரும் எஞ்சின், மே மாத வெயில், சிக்னலுக்குச் சிக்னல் நிற்பது என்று இருக்கும் ஊரில் அந்தக் கணக்குக்குக் கொஞ்சம் முன்னாலேயே மாற்றிவிடுவது நல்லது. கிரேடு, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை எண், கையேட்டில் இருப்பதுதான், 10டபிள்யூ-30 என்று போட்டிருந்தால் 10டபிள்யூ-30. 'நம்ம வெயிலுக்கு 20டபிள்யூ-50 போட்டா நல்லா இழுக்கும் தம்பி' என்று மெக்கானிக் அண்ணன் அன்பாகச் சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுங்கள். டப்பாவில் ஜாஸோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற பைக் ஆயில் தரக் குறியீடு இருக்கிறதா பாருங்கள், பைக்கின் கிளட்ச் அந்த ஆயிலுக்குள்ளேயே ஊறிக்கொண்டிருப்பதால் காருக்குப் போடும் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்பு உண்டு.

டயரில் காற்று வாரம் ஒரு முறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன். அளவு செயின் கவர் பக்கமோ பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கராக இருக்கும், தனியாகப் போக ஒன்று, ஆளோடு போக ஒன்று. டயர் வாங்கும்போது பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள், 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. தள்ளுபடியில் தரும் டயர் பல சமயம் குடோனில் கிடந்ததாக இருக்கும்.

டிஸ்க் பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமா, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். பேப்பர் ஏர் ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர், பட்டினப்பாக்கம், திருவொற்றியூர் பக்கம் குடியிருந்தால் உப்புக் காற்று சைலன்ஸரையும் ஸ்போக்கையும் தின்றுவிடும், வாரம் ஒரு தடவை சாதாரணத் தண்ணீரில் அலசிக் காய விடுங்கள். ஈர வண்டி மேல் கவர் போட்டு மூடினால் துரு இன்னும் வேகமாக வரும்.

தண்ணீர் நிற்கும் மாதங்கள்

அக்டோபர் பிறப்பதற்குள் டயர், பிரேக், பேட்டரி மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டிக்கு பேட்டரி படுத்துவிட்டால் பம்பே ஓடாது, கிக்கரும் இல்லாத மாடல் என்றால் மழையில் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் ரோட்டில் போட்ட இரும்புப் பிளேட் நனைந்தால் சோப்புதான், அதன் மேல் போகும்போது பிரேக்கும் பிடிக்காதீர்கள், சாய்க்கவும் சாய்க்காதீர்கள்.

தேங்கிய தண்ணீரில் இறங்கலாமா என்பதற்கு என் அளவுகோல் சக்கரத்தின் அச்சு. அதுவரை என்றால் போகலாம், அதைத் தாண்டினால் திரும்பிவிடுங்கள். துரைசாமி சுரங்கப்பாதை, கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரியான இடங்களில் இந்த அளவுகோலே கிடையாது, மழை என்றாலே வேறு வழி. இறங்கிவிட்டால் முதல் கியர், ஒரே சீரான ஆக்ஸிலரேட்டர், கியர் மாற்றாமல் நிற்காமல் போய்க்கொண்டே இருங்கள். பக்கத்தில் எம்.டி.சி. பஸ் வந்தால் அதை முதலில் விடுங்கள், ஆழம் குறைவாக இருந்தாலும் பஸ் கிளப்பும் அலை ஏர் ஃபில்டர் வரை வந்துவிடும்.

நடுத் தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டதா? செல்ஃபை மட்டும் அழுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அழுத்திச் சுருக்க முடியாது, கனெக்டிங் ராட் வளையும். மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், சாவியை ஆஃப் செய்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிளக் கேப்பைத் தள்ளி ஒதுக்கிவைத்து, கிக்கரை நாலைந்து தடவை மிதியுங்கள். கிக்கர் இல்லையா, டாப் கியரில் போட்டு பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தண்ணீர் இருந்தால் ஓட்டை வழியாகப் பீச்சியடிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். அப்புறம் ஆயிலைப் பாருங்கள், பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. வீட்டு வாசலில் நின்ற வண்டி எஞ்சினுக்கு மேல் முங்கியிருந்தாலும் இதே கதைதான். தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் இந்தச் செலவுக்கு ஒரு பைசா வராது.

மாற்றம் செய்வது

காசு செலவழிக்க ஆசை வந்துவிட்டால் உடம்பு தொடும் இடத்திலும் ரோடு தொடும் இடத்திலும் செலவழியுங்கள். சீட் ஃபோமை மாற்றி அகலம் கூட்டுவது, கைக்கு எட்டுகிற மாதிரி லீவரைத் திருப்பி வைப்பது (இதற்குக் காசே வேண்டாம், ஸ்பேனர் போதும்), நல்ல கண்ணாடி, நல்ல பிடிப்புள்ள டயர். 80/100-18 பின் டயர் இருக்கும் 100 சிசி வண்டிக்கு 90/90-18 போடலாம், உயரம் கிட்டத்தட்ட அதேதான், ஸ்பீடோமீட்டர் கணக்கும் மாறாது. அதே ரிம்மில் 110 மில்லிமீட்டர் அகல டயரைத் திணித்தால் டயர் வளைந்து குவியும், செயினில் உரசும், மைலேஜும் போகும், பார்க்க மட்டும் கெத்தாக இருக்கும்.

லைட் விஷயத்தில் கவனம். நிறைய வண்டிகளின் ஹோல்டரும் ஒயரும் 35 வாட் பல்புக்குச் செய்தவை, அதில் 60/55 வாட் கார் பல்பைப் போட்டால் கொஞ்ச நாளில் ஹோல்டர் உருகும். மலிவான எல்.இ.டி. பல்பைப் பழைய ரிஃப்ளெக்டரில் மாட்டினால் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில்தான் அடிக்கும், மழையில் உங்களுக்கும் ரோடு தெரியாது. கூடுதல் விளக்கு வேண்டும் என்றால் தனி ரிலே, தனி ஃப்யூஸ் வைத்து, கீழ்நோக்கிச் சரிசெய்து மாட்டச் சொல்லுங்கள்.

சைலன்ஸரை மாற்றுவது பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. சுருக்கமாக: பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த வண்டியில் சைலன்ஸருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கும், அருகில் ஆக்ஸிஜன் சென்சாரும் உண்டு, இதைத் தூக்கிவிட்டு வெறும் குழாய் மாட்டினால் சத்தம்தான் கூடும், தினசரி ஓட்டத்தில் பிக்கப் கூடியதாக நான் உணர்ந்ததில்லை. சட்டமும் பக்கத்தில் நிற்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது, மீறினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தத்துக்கும் புகைக்கும் தனிக் கணக்கு, 10,000 ரூபாய் வரை. வண்டி நிறத்தையே மாற்றினாலும் ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

சாமான் வாங்க அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோடு, பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை. புதுப்பேட்டையில் சைடு பேனல், மட்கார்டு, டேங்க் மாதிரி பார்த்தே நிலைமை தெரிகிற பொருளை வாங்கலாம், பில் கேளுங்கள், தர மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள். பிரேக், செயின், டயர், ஹெல்மெட் நான்கையும் பழசாக வாங்கவே வாங்காதீர்கள். ஹெல்மெட் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து இரண்டாக.

கடைசியாக போன் ஹோல்டர். சார்ஜர் ஒயரை பேட்டரியில் நேராகக் கொடுக்காமல், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் லைனில் ஃப்யூஸோடு கொடுங்கள், இல்லாவிட்டால் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பேட்டரி காலியாகியிருக்கும். சிங்கிள் சிலிண்டர் அதிர்வு போன் கேமராவின் ஃபோகஸைக் கெடுத்துவிடும், அதனால் ரப்பர் டேம்பர் வைத்த ஹோல்டராகப் பாருங்கள். வீட்டில் பழைய போன் சும்மா கிடந்தால் மேப்புக்கு அதையே மாட்டிக்கொள்ளுங்கள்.